பத்தாயிரம் ஆண்டுப் பழைமையான விதையிலிருந்து ஆர்க்டிக் லூபின் பூத்தது உண்மையா?

பூவரசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு விதைகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுதிக் கொடுத்துள்ள பலகைகளில் ஒன்றுக்கு ‘உலகிலேயே மிக முதிய விதை’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். கனடாவின் யூகான் பகுதியில், உறைந்து கிடந்த மண்ணுக்குள் இருந்த ஒரு கொறித்துண்ணியின் வளையில் ஆர்க்டிக் லூபின் என்ற காட்டுச் செடியின் விதைகள் கிடைத்தன என்றும், பத்தாயிரம் ஆண்டுகள் கழித்தும் அவை முளைத்துப் பூத்தன என்றும் அதில் உள்ளது. பள்ளி நூலகத்தில் இருக்கும் பழைய பொது அறிவு நூல் ஒன்றிலிருந்து இதை எடுத்திருக்கிறார்கள்.

பலகையை அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க விரும்பி இணையத்தில் தேடினேன். சில பக்கங்கள் இதை உண்மை என்றே சொல்கின்றன; சில பக்கங்கள் இது தவறென்று நிறுவப்பட்டுவிட்டது எனச் சொல்லிக் காரணம் கூறாமல் விடுகின்றன; வேறு சில பக்கங்களோ சைபீரியாவில் 32,000 ஆண்டுப் பழைமையான வேறொரு பூவைக் காட்டுகின்றன. நான் தாவரவியல் படித்தவள் என்றாலும், வடதுருவப் பகுதியின் செடிகளைப் பாடநூலுக்கு வெளியே அறிந்ததில்லை.

இது எத்தகைய செடி, அந்தப் பத்தாயிரம் ஆண்டு என்ற கணக்கை எதை வைத்துச் சொன்னார்கள், அது தவறென்றால் எப்படித் தெரிய வந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். ‘தவறு, நீக்கிவிடுங்கள்’ என்று மட்டும் மாணவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் தவறு என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கானகப்பித்தன் (மறுமொழி)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நேரடியாகச் சொல்வதானால், அந்தச் செய்தி உண்மையன்று. ஆனால் அதை எவரும் புனைந்து பரப்பவில்லை. தேர்ந்த அறிவியலாளர்கள் மூவர் உலகின் முதன்மையான ஆய்விதழ் ஒன்றில் முறைப்படி வெளியிட்ட முடிவு அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூல்களில் நிலைத்திருந்துவிட்டு, 2009இல்தான் அது நீங்கியது.

1954ஆம் ஆண்டின் கோடையில் ஹரால்ட் ஷ்மிட் என்ற சுரங்கப் பொறியாளர், யூகானில் டாசன் நகருக்கு மேற்கே, அலாஸ்கா எல்லையை ஒட்டிய மில்லர் கிரீக் என்னும் ஓடைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே பொன் துகள் உள்ள சரளையை எடுப்பதற்கு, அதன்மேல் படிந்து உறைந்திருக்கும் வண்டலை வெட்டி அகற்ற வேண்டும். அப்படி வெட்டிய இடத்தில், மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழே, பழைய வளைகள் தென்பட்டன. அவற்றில் லெம்மிங் என்னும் சிறிய துருவக் கொறித்துண்ணியின் மண்டையோடும், எச்சங்களும், கூடு கட்டிய பொருள்களும் இருந்தன. சுமார் இரண்டு டஜன் லூபின் விதைகளும் அவற்றோடு சேர்ந்து வந்தன. ஷ்மிட் அவற்றைக் கவனமாக எடுத்துத் தம்மிடமே உலர்ந்த நிலையில் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார்.

1966இல் கனடாவின் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் ஹாரிங்டன் இதைக் கேள்விப்பட்டு விதைகளை வாங்கி வந்தார். அதே அருங்காட்சியகத்தில் துருவத் தாவரங்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஆல்ஃப் எர்லிங் போர்சில்டும், விதைகளை அறிந்த ஜெரால்ட் மல்லிகனும் அவருடன் சேர்ந்தனர். நல்ல நிலையில் இருந்த விதைகளை ஈரமான வடிதாள்மீது வைத்தபோது, ஆறு விதைகள் இரண்டு நாள்களுக்குள் முளைத்தன. நாற்றுகள் வழக்கமான ஆர்க்டிக் லூபின் செடிகளாகவே வளர்ந்தன. ஒன்று பதினொரு மாதத்தில் பூத்தும்விட்டது. 1967இல் ‘சயன்ஸ்’ இதழில் மூவரும் இதை வெளியிட்டனர்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்தாயிரம் ஆண்டு என்ற எண் விதைகளை அளந்து பெற்ற எண் அன்று. வளைகள் பனியூழிக் கால வண்டலுக்குள் இருந்தன. அந்த வண்டல் அன்று முதல் உருகாமல் உறைந்தே இருந்ததாகத் தோன்றியது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருகே அதே போன்ற நிலையில் கிடைத்த தரை அணிலின் கூடு ஒன்று 14,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்தது. ஆகவே வளை பழையது, வளைக்குள் இருந்த விதையும் பழையது, குறைந்தது பத்தாயிரம் ஆண்டாவது இருக்கும் என்று அவர்கள் முடிவு செய்தனர். வளையின் வயதை விதைக்குக் கடனாகக் கொடுத்த இடத்தில்தான் சிக்கல் நுழைந்தது. அப்போதே சில தாவரவியலாளர்கள் ஐயம் எழுப்பினர் என்றாலும், கின்னஸ் நூல் வரை இச்செய்தி சென்றுவிட்டது.

2009இல் யூகான் அரசின் தொல்லுயிரியலாளர் கிராண்ட் ஸசுலா தலைமையில் ஒரு குழு, அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த எஞ்சிய விதைகளையே நேரடியாகக் காலம் கணித்து ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ இதழில் வெளியிட்டது. லெம்மிங் எலும்பு மெய்யாகவே பனியூழிக் காலத்தது. 20,000 ஆண்டுகளைத் தாண்டியது. விதைகளோ 1950களைச் சேர்ந்தவை. 1966இல் அவற்றை வடிதாளில் வைத்தபோது அவை அண்மைக்கால விதைகளாகவே இருந்தன.

அந்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ரிச்சர்ட் ஹாரிங்டனும் ஒருவர் என்பதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் பெயரில் வந்த புகழ்பெற்ற முடிவைத் திருத்தும் ஆய்வில் அவரே உடனிருந்து கையொப்பமிட்டிருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வடதிசைவாசி (மறுமொழி)

வரலாற்றை நண்பர் கானகப்பித்தன் தெளிவாகச் சொல்லிவிட்டதால், செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸில் வசிக்கிறேன். இங்கே ஜூன் மாதம் பிறந்ததும் சாலை ஓரங்களிலும், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு இடையே வெயில் விழும் திட்டுகளிலும், மரங்கள் ஓய்ந்துபோகும் மலைச்சரிவுகளிலும் ஆர்க்டிக் லூபின் நீல ஊதா நிறத்தில் பூத்து நிற்பதைப் பார்க்கலாம்.

இதன் அறிவியல் பெயர் லூபினஸ் ஆர்க்டிகஸ். நம் அவரை, உளுந்து, துவரை எல்லாம் அடங்கிய அதே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அலாஸ்காவிலும், கனடாவின் யூகான், வடமேற்கு ஆட்சிப் பகுதி, நுனாவுட், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய இடங்களிலும் இயற்கையாக வளர்கிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் போவது அரிது. ஆண்டுதோறும் தண்டும் இலையும் மடிந்துவிடும். நிலத்தடியில் உள்ள தடித்த வேர்ப்பகுதி உயிரோடிருந்து, பனி உருகியதும் மீண்டும் தளிர்க்கும். மே மாதக் கடைசியில் தளிர்த்து, ஆகஸ்டு முடிவதற்குள் காய்த்தும்விட வேண்டிய அவசரம் இந்தச் செடிக்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் விதையிலிருந்து தொடங்கி இத்தனை குறுகிய கோடைக்குள் வாழ்வை முடிப்பது மிகவும் கடினம் என்பதால்தான் இங்குள்ள செடிகளில் பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகளாக இருக்கின்றன.

இலையை அருகில் குனிந்து பார்க்க வேண்டும். நீண்ட காம்பின் நுனியில் ஆறு முதல் எட்டுச் சிற்றிலைகள், விரித்த கை விரல்களைப் போல ஒரே புள்ளியிலிருந்து பரவியிருக்கும். மழை பெய்து ஓய்ந்த பின், அந்த நடுப்புள்ளியில் ஒரு துளி நீர் உருண்டையாகத் தங்கி நிற்கும். சிற்றிலைகளின் மெல்லிய மயிர்கள் நீரைப் பரவவிடாமல் தாங்குவதே அதற்குக் காரணம். பூக்கள் கதிராக அடுக்கியிருக்கும்; கீழிருந்து மேலாக மலரும். அவரைப் பூவில் இருப்பது போலவே மேலே ஒரு கொடி இதழும், பக்கத்தில் இரண்டு சிறகிதழ்களும், அவற்றுக்குள் மறைந்த படகு இதழும் உண்டு. சிறகிதழ்களைக் கட்டைவிரலால் மெல்லக் கீழே அழுத்தினால், படகின் கூரிய நுனியிலிருந்து மகரந்தம் ஓர் இழையாகப் பிதுங்கி வெளிவரும். பூவின்மேல் வந்து அமரும் முரட்டுத் தேனீயின் எடை இதே வேலையைச் செய்கிறது. லூபின் பூவில் தேன் கிடையாது. தேனீ வருவதே மகரந்தத்துக்காகத்தான். குளிர் தாங்கும் மயிரடர்ந்த பெருந்தேனீக்கள் இல்லாவிட்டால் இந்தச் செடி இங்கே விதை பிடிப்பதே கடினமாகிவிடும்.

காய்கள் மயிர் போர்த்த சிறு அவரைக்காய்களாக இருக்கும். நன்கு காய்ந்ததும் இரு ஓடுகளும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு ‘டிக்’ என்ற ஒலியுடன் வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். விதைகளின் தோல் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. ஆகவே எல்லா விதைகளும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. தோல் தேய்ந்தோ, குளிரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து விரிசல் விட்டோ, நீர் புகுந்த பின்னரே முளைக்கும். தோட்டத்தில் விதைப்பவர்கள் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு விதைப்பதும் இதனால்தான். உலர்ந்த இடத்தில் சில பத்தாண்டுகள் இத்தகைய விதை உயிரோடிருப்பதில் வியப்பில்லை. அதனால்தான் போர்சில்ட் போன்ற அனுபவசாலிக்கும் அந்த முளைப்பு நம்பத்தக்கதாகத் தோன்றியிருக்கும் என்று கருதுகிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. கண்காட்சிப் பலகைக்குப் படம் தேடும்போது ஐஸ்லாந்தின் ஊதா வயல்களின் படங்கள் ஏராளமாக வந்து விழும். அவை ஆர்க்டிக் லூபின் அல்ல. அலாஸ்காவின் கடற்கரையிலிருந்து மண்ணரிப்பைத் தடுப்பதற்காக 1945இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, இன்று அங்கே அளவு மீறிப் பரவிவிட்ட நூட்கா லூபின். இரண்டும் நெருங்கிய உறவுகள் என்றாலும் வேறு வேறு இனங்கள். மேலும், லூபின் செடிகளில் ஸ்பார்ட்டீன் போன்ற கசப்பான நச்சுப் பொருள்கள் இருப்பதால், பயறுக் குடும்பம் என்று சொல்லும்போதே ‘இதை உண்ணக் கூடாது’ என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

செங்காந்தள் (மறுமொழி)

விளக்கங்களுக்கு நன்றி. எனினும் ஓர் ஐயம் எழுகிறது. 1966இல் முளைத்த விதைகள் செடியாகி மறைந்துவிட்டன. 2009இல் காலம் கணித்தவை முளைக்காமல் எஞ்சியவை. எஞ்சியவற்றில் புதிய விதைகள் கலந்திருந்தன என்பதாலேயே, முளைத்தவையும் புதியவைதாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? சில பழையவை, சில புதியவை என்று கலந்திருக்கவும் கூடுமல்லவா? இன்னொன்றும் உண்டு. 1950கள் என்று அவ்வளவு துல்லியமாக ஒரு விதையின் ஆண்டைச் சொல்வது எப்படி? கார்பன் முறையில் ஐம்பது, நூறு ஆண்டுகள் வரை கூடக்குறைய வரும் என்றுதானே படித்திருக்கிறோம்?

மணிமுத்தாறு (மறுமொழி)

செங்காந்தள் அவர்களின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியின் பாதி தானே தீரும்.

உயிருள்ள செடி காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும்போது, அதில் மிகச் சிறிதளவு கார்பன்-14 என்ற கதிரியக்க வகையும் சேர்ந்து வரும். விதை முற்றிய பிறகு புதிதாக எதுவும் சேராது. உள்ளிருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பழைய பொருள்களுக்கு இந்தக் கணக்கு. ஆனால் 1950களின் நடுவிலிருந்து வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் இருந்த கார்பன்-14இன் அளவை ஆண்டுக்காண்டு உயர்த்தின. வடகோளத்தில் 1963-64 வாக்கில் அது ஏறத்தாழ இருமடங்கானது. 1963இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்பாடு வந்த பின்னரே மெல்லக் குறையத் தொடங்கியது. அந்த ஏற்றத்தின் எந்தப் படியில் ஒரு விதை முற்றியதோ, அந்தப் படியின் அளவு விதைக்குள் பதிந்துவிடும். ஆகவே கடந்த எழுபது ஆண்டுகளைச் சேர்ந்த பொருள்களுக்கு மட்டும், ஓரிரு ஆண்டுத் துல்லியத்தோடு காலம் சொல்ல முடிகிறது. மில்லர் கிரீக் விதைகளில் கார்பன்-14 இயற்கை அளவைவிடக் கூடுதலாக இருந்தது. பத்தாயிரம் ஆண்டு பழைய விதை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்க வேண்டும். குறைய வேண்டியது கூடியிருந்தால், அதற்கு அணுகுண்டுக் காலத்துக் காற்றைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

இந்தச் சோதனையை 1967இலேயே ஏன் செய்யவில்லை என்ற கேள்வி பலருக்கும் எழும். அக்காலத்து முறைக்குக் கிராம் கணக்கில் கரிமம் தேவைப்பட்டது. இந்த விதை ஒவ்வொன்றும் பாசிப்பயறு அளவுதான். இருந்த இரண்டு டஜன் விதைகளையும் எரித்திருந்தாலும் அளவு போதியிருக்காது. முளைக்க வைக்கவும் எதுவும் மிஞ்சியிருக்காது. கீழடி அறிக்கைகளில் நாம் படித்த ஏ.எம்.எஸ். என்னும் முடுக்கி நிறை நிறமாலை முறை 1970களின் பிற்பகுதியில்தான் உருவானது. அதற்கு ஒரு மில்லிகிராம் அளவு கரிமம் இருந்தாலே போதும். ஒற்றை விதையின் ஒரு பகுதியைக் கொண்டே காலம் கணிக்கலாம். எனவே போர்சில்ட் குழுவினர் அலட்சியமாக இருந்தனர் என்று சொல்வது முறையாகாது. அன்று கையில் இருந்த கருவி அவ்வளவுதான். அவர்கள் எஞ்சிய விதைகளைத் தூக்கி எறியாமல் அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்தார்கள் அல்லவா, அதனால்தான் பின்னால் வந்தவர்களால் சரிபார்க்கவே முடிந்தது.

இனி முதல் கேள்வி. முளைத்த ஆறு விதைகளை இன்று எவராலும் சோதிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ‘முளைத்தவை பழையவை’ என்று சொல்வதற்கு இருந்த ஒரே சான்று, அவை அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்பதுதான். தொகுப்பில் சோதித்த விதைகள் யாவும் புதியவை என்று தெரிந்த பிறகு அந்தச் சான்று விழுந்துவிடுகிறது. வியப்பூட்டும் ஒன்றைச் சொல்கிறவரே அதை நிறுவவும் வேண்டும். மறுப்பவர் எல்லா வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாகப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்று கேட்க முடியாது. இரண்டு நாளில் முளைத்தன என்பதையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கத் தோன்றுகிறது. சில ஆண்டுகளே ஆன விதைகள் அவ்வாறு விரைந்து முளைப்பது இயல்பு. பல்லாயிரம் ஆண்டு கிடந்த விதை ஒருவேளை உயிரோடிருந்தாலும், சிதைந்ததைச் சீர்செய்துகொண்டு தயங்கித் தயங்கி முளைக்கும் என்றே எதிர்பார்ப்போம்.

புதிய விதை பழைய வளைக்குள் எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உறைந்த வண்டலை வெட்டிய முகம் கோடை வெயிலில் உருகிச் சரிந்துகொண்டே இருக்கும். மேலே பூத்து நிற்கும் லூபின் செடிகளின் விதைகள் அந்தச் சேற்றோடு கீழே வந்து பழைய பொந்துகளில் தங்க எந்தத் தடையும் இல்லை. அதே இடத்தில் இன்றைய தரை அணில்களும் வளை தோண்டி விதை சேர்க்கின்றன. இடம் பழையது என்பதால் அதில் கிடப்பதெல்லாம் பழையதாகிவிடாது.

கானகப்பித்தன் (மறுமொழி)

ஆசிரியர் சைபீரியப் பூவைப் பற்றிக் கேட்டிருந்தார். அதையும் இந்த அளவுகோலாலேயே பார்த்துவிடலாம்.

வடகிழக்குச் சைபீரியாவில் கொலிமா ஆற்றின் கீழ்ப்பகுதியில், துவான்னி யார் என்ற உயர்ந்த கரையில், தரை அணில்கள் பனியூழிக் காலத்தில் சேமித்து வைத்த வளைகள் 38 மீட்டர் ஆழத்தில் உறைந்து கிடந்தன. அங்கு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 7 டிகிரி. அவற்றில் சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற பல்லாண்டுக் காட்டுப் பூச்செடியின் பழங்கள் இருந்தன. இச்செடி இன்றும் அதே வட்டாரத்தில் பூக்கிறது. ஸ்வெத்லானா யாஷினா, டேவிட் கிலிச்சின்ஸ்கி ஆகியோரின் ரஷ்யக் குழு 2012இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தப் பழங்களின் வயது ஏறத்தாழ 31,800 ஆண்டுகள். பழங்களையே நேரடியாகக் கார்பன் முறையில் அளந்து பெற்ற எண் இது. லூபின் விவகாரத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய வேறுபாடு.

ஆனால் ‘32,000 ஆண்டு விதை முளைத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். முற்றிய விதைகள் அங்கே முளைக்கவில்லை. முதிராத பழங்களுக்குள், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சூலொட்டுத் திசுவைப் பிரித்து, ஊட்டக் கரைசலில் வளர்த்துத் தளிர்க்கச் செய்து, பின் மண்ணுக்கு மாற்றினார்கள். நம் ஊரில் வாழைக் கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்குகிறார்கள் அல்லவா, அதே வகை வேலைதான். மூன்று பழங்களிலிருந்து முப்பத்தாறு செடிகள் கிடைத்தன. அவை பூத்து, காய்த்து, முளைக்கும் திறனுள்ள விதைகளையும் கொடுத்தன. இன்றைய செடிகளின் இதழ்களோடு ஒப்பிட்டால் பழைய செடிகளின் இதழ்கள் சற்றுக் குறுகலாக இருந்தன.

முற்றிய விதைகள் ஏன் முளைக்கவில்லை என்பதையும் மாணவர்களோடு பேசலாம். உறைந்த மண்ணிலும் இயற்கையான கதிர்வீச்சு சிறிது சிறிதாகப் படிந்துகொண்டே இருக்கும். விதைக்குள் இருக்கும் மரபுப் பொருள் மெல்ல உடைந்துகொண்டே வரும். உயிருள்ள, ஈரமுள்ள செல் அதைப் பழுது பார்த்துக்கொள்ளும். உறைந்து கிடக்கும் செல்லால் அது இயலாது. எனவே குளிர் ஒரு விதையின் ஆயுளை நீட்டுமே தவிர, முடிவில்லாமல் காக்காது. அலாஸ்காவின் தூந்திர மண்ணில் புதைந்து சுமார் 200 ஆண்டுகள் கிடந்த செட்ஜ், லூசுலா என்னும் புல் போன்ற செடிகளின் விதைகள் முளைத்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 1991இல் காட்டியுள்ளனர். துருவ நிலத்தில் இயற்கையாகவே நடப்பது என்று நம்பத்தக்க அளவில் சொல்வதானால் இந்த வரிசையைத்தான் சொல்ல முடியும்.

முழு விதையாகவே முளைத்தவற்றில் உறுதியான சான்று உள்ளவை குளிர்நாட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் 1960களில் கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் நடப்பட்டு முளைத்தது. நாற்றின் வேரில் ஒட்டியிருந்த கொட்டையின் துணுக்கையே கார்பன் முறையில் அளந்து, அது ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையானது என்று கண்டார்கள். வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதைகளிலும், முளைத்த விதையின் மேலோட்டையே அளந்ததால் சுமார் 1,300 ஆண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

சுற்றியிருந்த பொருளின் வயதை விதைக்குக் கொடுப்பது எப்போதுமே தவறு என்றும் நினைத்துவிட வேண்டாம். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கழுத்தணியில் வால்நட் ஓட்டுக்குள் கல்வாழை விதை இருந்தது. ஓடு பச்சையாய் மென்மையாக இருந்தபோதே விதையை உள்ளே செருகி, அதன்மேல் ஓடு வளர்ந்து மூடிக்கொண்டதால், பின்னால் எவரும் அதற்குள் விதையை நுழைத்திருக்க முடியாது. எனவே ஓட்டின் வயதான ஏறத்தாழ 600 ஆண்டுகளை விதைக்கும் கொடுப்பது அங்கே நியாயமானது, அவ்விதையும் முளைத்தது. மில்லர் கிரீக் வளை அப்படி மூடிய பெட்டி அன்று.

பூவரசி (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவர்களிடம் இந்த மறுமொழிகளைப் படித்துக் காட்டினேன். பலகையை எடுத்துவிட வேண்டாம், தலைப்பை மாற்றிக்கொள்கிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். புதிய வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறார்கள்: ‘1954இல் யூகானில் ஒரு பழைய வளையில் கிடைத்த ஆர்க்டிக் லூபின் விதைகள் பத்தாயிரம் ஆண்டுப் பழைமையானவை என்று 1967இல் அறிவிக்கப்பட்டது. 2009இல் விதைகளையே சோதித்தபோது அவை 1950களைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. வளை மட்டுமே பழையது. 32,000 ஆண்டுப் பழைமையான விதை சைபீரியாவில் முளைத்துள்ளது.’ இது சரியாக இருக்கிறதா?

மணிமுத்தாறு (மறுமொழி)

முதல் மூன்று வாக்கியங்களில் குறை சொல்ல எதுவுமில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும், ‘சைபீரியாவில் ஏறத்தாழ 32,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த பழத்தின் திசுவிலிருந்து சைலீன் செடிகள் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டுள்ளன, முழு விதையாக முளைத்தவற்றில் சுமார் 2,000 ஆண்டுப் பேரீச்சங்கொட்டையின் வயது, அந்தக் கொட்டையையே அளந்து உறுதி செய்யப்பட்டது’ என்று மாற்றிவிடுங்கள். இடம் இருந்தால் ஹாரிங்டனின் பெயரை 1967, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் நேரே எழுதச் சொல்லுங்கள்.

வடதிசைவாசி (மறுமொழி)

படத்துக்காக இணையத்தில் அலைய வேண்டாம். இங்கே இப்போது லூபின் பூத்திருக்கும் காலம். இலை, பூங்கதிர் இரண்டும் தெளிவாகத் தெரியும்படி இந்த வார இறுதியில் எடுத்து அனுப்புகிறேன். காய் முற்ற ஆகஸ்டு ஆகிவிடும்; கண்காட்சி அதற்குப் பின் என்றால் வெடித்த காயின் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.